மிஹ்ராபை விட்டு இறங்கி விடாதீர்கள்!

(மஹல்லா இமாம்கள், வணிகப் பெருமக்கள், இளைஞர்கள் கலந்து கொண்ட கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஏக இறைவனின் திருப்பெயரால்...



சில வாரங்களுக்கு முன் ஓர் இளம் ஆலிம் இஷாவுக்குப் பிறகு என்னைத் தேடி வந்தார். ஏழாண்டுகள் ஓதிப் பட்டம் பெற்றவர். ஒரு சிற்றூர்ப் பள்ளிவாசலில் மூன்று ஆண்டுகளாக இமாமத் செய்கிறார். ஐவேளையும் தொழ வைக்கிறார். காலையிலும் மாலையிலும் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கிறார். மய்யித் வீடு என்றால் நள்ளிரவானாலும் முதல் ஆளாக நிற்கிறார்.

சலாம் சொல்லி உட்கார்ந்தவர், ஜிப்பா பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். ராஜினாமாக் கடிதம்!

"ஹஜ்ரத், வெள்ளிக்கிழமை முத்தவல்லியிடம் கொடுத்து விடலாம் என்றிருக்கிறேன். மச்சான் துபாயில் இருக்கிறார். விசா எடுத்துத் தருகிறேன் என்கிறார்" என்றார்.

என்ன நடந்தது என்று கேட்டேன். ஒரு ஜும்ஆவில் கைக்கூலியைப் பற்றிப் பயான் செய்திருக்கிறார். யார் பெயரையும் சொல்லவில்லை. ஆனால் அந்த மாதம் ஊரின் பெரிய வீடு ஒன்றில் நிக்காஹ் நடக்க இருந்தது. அடுத்த வாரத்திலிருந்து பேச்சு கிளம்பியது. கைக்கூலியைப் பற்றி எவரும் வாய் திறக்கவில்லை. "ஹஜ்ரத்தின் கிராஅத் சரியில்லை" என்றார்கள். "ருகூவில் நீண்ட நேரம் நிற்கிறார்" என்றார்கள். "பிள்ளைகளை அடிக்கிறார்" என்றார்கள். டீக்கடையில் தொடங்கியது, ஊர் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தது. அங்கிருந்து வளைகுடாவில் வேலை பார்க்கும் ஊர்ப் பிள்ளைகளின் செல்போன் வரைக்கும் போனது.

இதையெல்லாம் தாங்கிக் கொண்டதாகத்தான் அவர் சொன்னார். ஒரு நாள் இரவு, இரண்டாம் வகுப்புப் படிக்கும் அவருடைய மகன், "அத்தா, உங்களுக்குத் தொழ வைக்கத் தெரியாதா?" என்று கேட்டிருக்கிறான். அன்றுதான் கடிதம் எழுதினாராம்.

சகோதரர்களே! அவரிடம் உடனே "ஸப்ரு செய்யுங்கள்" என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. கரையில் நிற்பவன் தண்ணீரில் தத்தளிப்பவனுக்குப் பொறுமையைப் போதிப்பது எளிது. மார்க்கம் நமக்குத் தந்த சில சரித்திரங்களை மட்டும் அவரிடம் சொன்னேன். அவற்றையே இன்று உங்கள் முன்னும் வைக்கிறேன். ஏனெனில் அந்தக் கடிதம் அவர் ஒருவருடைய கடிதமல்ல. எத்தனையோ மஹல்லாக்களில் எத்தனையோ இமாம்களின் ஜிப்பா பையில் அது மடிந்து கிடக்கிறது.

தொழுகையிலேயே குறை கண்டார்கள்!

ஸஅத் பின் அபீவக்காஸ் (ரலி) அவர்களை அறியாத முஸ்லிம் உண்டா? சொர்க்கத்தைக் கொண்டு நன்மாராயம் கூறப்பட்ட பத்துப் பேரில் ஒருவர். அல்லாஹ்வின் பாதையில் முதல் அம்பை எய்தவர். காதிஸிய்யாப் போரின் தளபதி. கூஃபா நகரத்தை உருவாக்கியவரே அவர்தான். அந்தக் கூஃபா மக்கள்தான் கலீஃபா உமர் (ரலி) அவர்களிடம் ஸஅதைப் பற்றிப் புகார் சொன்னார்கள். என்ன புகார்? அவருக்குச் சரியாகத் தொழ வைக்கத் தெரியவில்லை என்பது வரை புகார்!

நன்றாகக் கவனியுங்கள். நபி (ஸல்) அவர்களுக்குப் பின்னால் நின்று தொழுகையைக் கற்றவர் மீதே இந்தப் புகார் வந்தது என்றால், இன்றைய இமாம் எம்மாத்திரம்? வேறு மனக்கசப்பு உள்ளவர்கள் அதை நேரடியாகச் சொல்ல முடியாதபோது தொழுகையைத்தான் பிடித்துக் கொள்வார்கள். ஏனெனில் இமாமுக்கு வலிக்கும் இடம் அதுதான்.

உமர் (ரலி) என்ன செய்தார்கள்? புகாரைக் குப்பையில் போடவில்லை. அப்படியே நம்பவும் இல்லை. முதலில் ஸஅதை அழைத்து நேருக்கு நேர் கேட்டார்கள். நபிகளார் தொழ வைத்தது போலவே, முதல் இரண்டு ரக்அத்களை நீட்டியும் பின் இரண்டைச் சுருக்கியும் தொழ வைப்பதாக அவர் விளக்கினார். உங்களைப் பற்றி என் எண்ணமும் இதுவே என்று கலீஃபா சொன்னார்கள். அத்தோடு விட்டார்களா? இல்லை. விசாரிக்க ஆள் அனுப்பினார்கள். கூஃபாவின் பள்ளிவாசல் ஒன்று விடாமல் விசாரணை நடந்தது. எல்லாரும் நல்லதையே சொன்னார்கள். ஒரே ஒரு பள்ளிவாசலில், ஒரே ஒருவர் மட்டும் எழுந்து, இவர் படையோடு செல்வதில்லை, பங்கீட்டில் நீதமில்லை, தீர்ப்பில் நேர்மையில்லை என்று அடுக்கினார். ஸஅத் (ரலி) மனம் நொந்து, இவர் பொய் சொல்லியிருந்தால் என்ற நிபந்தனையோடு அல்லாஹ்விடம் முறையிட்டார்கள். அந்த மனிதர் தள்ளாத வயதில் புருவம் கண்ணில் விழ, வறுமையும் இழிவும் சூழ்ந்து தெருவில் திரிந்தார். ஸஅதின் பிரார்த்தனை என்னைப் பிடித்துக் கொண்டது என்று தானே சொல்லிக் கொண்டார். ஸஹீஹுல் புகாரியில் பதிவான நிகழ்ச்சி இது.

ஊர்க் குழுவில் விரலால் தட்டிவிட்டுப் போகும் தம்பிகளே! அநீதி இழைக்கப்பட்டவரின் துஆவுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையில் திரையில்லை என்பதை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.

இதில் இன்னொரு பாடமும் இருக்கிறது. நிர்வாக நலன் கருதி உமர் (ரலி) அவர்கள் ஸஅதை மாற்றி அம்மார் (ரலி) அவர்களை நியமித்தார்கள். ஆனால் கறை பூசி அனுப்பவில்லை. ஹிஜ்ரி 23-ல் குத்துப்பட்டு மரணப் படுக்கையில் கிடந்தபோது, அடுத்த கலீஃபாவைத் தேர்ந்தெடுக்கும் ஆறு பேரில் ஸஅதையும் சேர்த்தார்கள். திறமையின்மைக்காகவோ மோசடிக்காகவோ அவரை நான் நீக்கவில்லை என்று ஊரறியச் சொல்லிவிட்டே கண் மூடினார்கள். நம் ஊர்களில் இமாமை மாற்றும்போது இந்தக் கண்ணியம் இருக்கிறதா? இரவோடு இரவாகப் பெட்டியைக் கட்டச் சொல்லும் நிர்வாகிகள் சிந்திக்க வேண்டும்.

குறை உண்மையாக இருந்தால்?

இமாம் பெருமக்களே! இப்போது உங்களிடம் வருகிறேன். வருகிற விமர்சனம் எல்லாம் பொறாமை, எல்லாம் சூழ்ச்சி என்று எண்ணி விடாதீர்கள். ஸஅதின் சரித்திரத்தை மட்டும் படித்துவிட்டு முஆதின் சரித்திரத்தை மறந்து விடக்கூடாது.

முஆத் பின் ஜபல் (ரலி) நபி (ஸல்) அவர்களுடன் இஷா தொழுதுவிட்டுத் தம் கூட்டத்தாரிடம் சென்று அவர்களுக்குத் தொழ வைப்பார்கள். ஒரு நாள் அல்பகரா அத்தியாயத்தை ஓதத் தொடங்கிவிட்டார்கள். பகலெல்லாம் ஒட்டகங்களைக் கொண்டு தண்ணீர் இறைத்துக் களைத்து வந்த ஓர் உழைப்பாளி பின்னால் நின்றிருந்தார். தாங்க முடியாமல் விலகிப் போய்த் தனியாகத் தொழுதுவிட்டுச் சென்று விட்டார். அவர் நயவஞ்சகர் என்ற பேச்சு எழுந்தது. அவர் நேராக நபிகளாரிடம் சென்று முறையிட்டார்.

அல்லாஹ்வின் தூதர் யார் பக்கம் நின்றார்கள்? அந்தத் தண்ணீர் இறைக்கும் உழைப்பாளியின் பக்கம்! முஆதே, நீர் குழப்பம் விளைவிப்பவரா என்று மும்முறை கடிந்து கொண்டார்கள். முதியவர், பலவீனர், வேலையுள்ளவர் உமக்குப் பின்னால் நிற்கிறார் என்று நினைவூட்டி, சிறிய அத்தியாயங்களின் பெயரைச் சொல்லி அவற்றை ஓதச் சொன்னார்கள்.

முஆத் (ரலி) கோபித்துக் கொண்டு மிஹ்ராபை விட்டு இறங்கினார்களா? இல்லை. நபி (ஸல்) அவர்கள்தாம் அவரை ஒதுக்கி வைத்தார்களா? அதுவும் இல்லை. பின்னாளில் யமன் தேசத்துக்கே அவரை ஆசிரியராக, நீதி வழங்குபவராக அனுப்பி வைத்தார்கள். கண்டிப்பு அவரைக் கழிக்கவில்லை, பழுக்க வைத்தது.

என் கதையையும் சொல்கிறேன். கடைவீதிப் பள்ளிவாசல் ஒன்றில் நான் இமாமாக இருந்த காலம். ஜும்ஆ பயானை இழுத்துக் கொண்டே போவேன். ஒரு நாள் தொழுகை முடிந்ததும் மூட்டை தூக்கும் ஒரு பெரியவர் வந்தார். "ஹஜ்ரத், நீங்க பத்து நிமிஷம் கூடப் பேசினா எனக்கு ஒரு லோடு போயிடுது" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அல்லாஹ்வின் வீட்டில் லோடு கணக்கா என்று கேட்கத் தோன்றியது. அன்றிரவு முஆதின் ஹதீஸ் நினைவுக்கு வந்தது. எத்தனை முறை அதை மேடையில் சொல்லியிருக்கிறேன்! எனக்கென்று வந்தபோது மறந்து போனேனே! அடுத்த வாரத்திலிருந்து கடிகாரத்தைப் பார்த்துப் பேசத் தொடங்கினேன். அந்தப் பெரியவர் அதன்பின் முதல் ஸஃப்பில் உட்கார்ந்தார்.

ஆகவே தம்பி இமாம்களே, புகார் வந்தால் அதைச் சல்லடையில் போட்டுச் சலியுங்கள். கிராஅத்தில் தவறிருந்தால் நல்ல காரி ஒருவரிடம் போய் உட்காருங்கள். அதில் வெட்கமில்லை. பிள்ளைகள் மீது கை நீட்டியிருந்தால் இன்றோடு நிறுத்துங்கள், பெற்றோரிடம் மன்னிப்புக் கேளுங்கள். நீட்டியது உண்மையென்றால் சுருக்குங்கள். ஆனால் கைக்கூலியைக் கைக்கூலி என்று சொன்னதும், வட்டியை வட்டி என்று சொன்னதும்தான் உங்கள் குற்றம் என்றால், அதில் ஓர் எழுத்தையும் திரும்பப் பெறாதீர்கள். சொல்லும் முறையைத் திருத்தலாம். சொல்லும் செய்தியைத் திருத்த நமக்கு உரிமையில்லை.

குறை சொன்னவர்கள் சட்டை வாங்கினார்கள்

ஜமாஅத்தார்களே! உங்களுக்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. அம்ர் பின் ஸலிமா (ரலி) சிறுவர். அவருடைய கூட்டத்தார் வழிப்போக்கர்கள் தங்கும் ஒரு நீர்நிலையருகே வாழ்ந்தார்கள். போவோர் வருவோர் ஓதுவதைக் கேட்டுக் கேட்டு அந்தச் சிறுவர் குர்ஆனை மனனம் செய்து கொண்டார். மக்கா வெற்றிக்குப் பின் அந்தக் கூட்டத்தார் இஸ்லாத்தை ஏற்றபோது, குர்ஆனை அதிகம் அறிந்தவரே தொழ வைக்க வேண்டும் என்ற கட்டளை வந்தது. தேடிப் பார்த்தால் அந்தச் சிறுவரை விட அறிந்தவர் யாருமில்லை. ஆறு அல்லது ஏழு வயதில் அவரை முன்னால் நிறுத்தினார்கள். சிறுவரின் இமாமத் பற்றிய மத்ஹபுகளின் சட்டப் பேச்சு தனி. நாம் இங்கே பார்க்க வேண்டியது அந்த மக்களின் நடத்தையை.

அவரிடம் இருந்தது ஒரே ஒரு மேலாடை. ஸஜ்தாவுக்குப் போனால் அது மேலே ஏறிக் கொள்ளும். ஒரு பெண்மணி அதைச் சுட்டிக்காட்டி, உங்கள் இமாமின் பின்புறத்தை மறைக்கக் கூடாதா என்று கேட்டுவிட்டார். குறைதான், உண்மையான குறைதான். அந்த ஊர் மக்கள் என்ன செய்தார்கள்? பஞ்சாயத்துக் கூட்டவில்லை. வேறு இமாமைத் தேடவில்லை. துணி வாங்கினார்கள். வெட்டித் தைத்து ஒரு சட்டையை அவருக்கு அணிவித்தார்கள். அந்தச் சட்டையைக் கண்டு மகிழ்ந்தது போல் வேறெதற்கும் நான் மகிழ்ந்ததில்லை என்று பெரியவரான பின் அவர் சொல்லிக் காட்டினார்கள்.

ஜவுளிக்கடை வைத்திருக்கும் சகோதரர்களே! உங்களுக்கு நான் சொல்ல வந்தது இதுதான். இமாமின் ஜிப்பா கிழிந்திருப்பதைப் பார்ப்பதற்கு இரண்டு கண் போதும். அதைத் தைத்துக் கொடுக்க ஓர் உள்ளம் வேண்டும். குறை சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. ஆனால் குறையோடு சட்டையையும் கொண்டு வாருங்கள். குழந்தைகளைச் சமாளிக்கத் தெரியவில்லையா? மதரஸாவுக்கு இன்னோர் உஸ்தாதை நியமியுங்கள். பயானில் புதிய செய்தி இல்லையா? அவருக்கு நல்ல நூல்கள் வாங்கிக் கொடுங்கள். முகம் சிடுசிடுவென்று இருக்கிறதா? இந்த மாதச் சம்பளம் எந்தத் தேதியில் கொடுத்தீர்கள் என்று கணக்குப் பிள்ளையிடம் கேளுங்கள்.

கல்லெறிந்த ஊருக்கு ஓர் இமாம்

அந்த இளம் ஆலிம் என்னிடம் கேட்டார்: "ஹஜ்ரத், திருந்தாத ஊரில் இருந்து என்ன பயன்?"

யூனுஸ் (அலை) அவர்களும் தம் மக்கள் மீது கோபம் கொண்டு, இறைவனின் அனுமதி வரும் முன்னே ஊரை விட்டு வெளியேறினார்கள். மீன் வயிற்றின் இருளில்தான் தம் அவசரத்தை உணர்ந்தார்கள். அவர்கள் நபியாக அனுப்பப்பட்ட ஊரில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான மக்கள் ஈமான் கொண்டார்கள் என்று குர்ஆன் சொல்கிறது. எந்த மக்களை விட்டுப் போனார்களோ, அந்த மக்களே!

தாயிஃபைப் பாருங்கள். நபித்துவத்தின் பத்தாம் ஆண்டில் பெருமானார் (ஸல்) அவர்களைச் சிறுவர்களையும் அடிமைகளையும் ஏவிக் கல்லால் அடித்து விரட்டிய ஊர். மலைகளுக்குரிய வானவர் வந்து, விரும்பினால் இம்மக்களை நசுக்கி விடுகிறேன் என்றபோது பெருமானார் மறுத்தார்கள். இவர்களின் சந்ததியில் அல்லாஹ்வை வணங்குவோர் வருவார்கள் என்று நம்பினார்கள். இந்த இடத்தை எல்லாரும் பயானில் சொல்கிறோம். அடுத்து நடந்ததைச் சொல்வதில்லை.

ஏறத்தாழ பதினோரு ஆண்டுகள் கழிந்தன. ஹிஜ்ரி 9-ல் அதே தாயிஃபின் ஸகீஃப் கூட்டத்தார் மதீனாவுக்குத் தூது வந்து இஸ்லாத்தை ஏற்றார்கள். அந்தக் குழுவில் மிக இளையவர் உஸ்மான் பின் அபில் ஆஸ் (ரலி). மற்றவர்கள் ஓய்வெடுக்கும் நேரத்திலும் குர்ஆனைக் கற்கத் தேடிப் போனவர். அவரையே அவ்வூருக்குத் தலைவராகவும் இமாமாகவும் பெருமானார் நியமித்தார்கள். பின்னால் நிற்பவர்களில் மிகப் பலவீனமானவரை அளவாக வைத்துத் தொழ வைக்கும்படி அவருக்கு உபதேசித்தார்கள்.

கல்லெறிந்த ஊர்! அதற்கு ஓர் இளைஞர் இமாம்! என்ன ஆனது? பெருமானாரின் மறைவுக்குப் பின் அரபு நாட்டில் பல கூட்டங்கள் தடம் புரண்டபோது தாயிஃப் உறுதியாக நின்றது. கடைசியாக இஸ்லாத்துக்கு வந்தவர்களே, முதலில் வெளியேறுபவர்களாக ஆகிவிடாதீர்கள் என்று அந்த இளம் தலைவர் தம் மக்களைத் தடுத்து நிறுத்தினார்கள்.

தம்பி! உங்கள் உழைப்பின் விளைச்சலை இந்த ஜும்ஆவுக்கும் அடுத்த ஜும்ஆவுக்கும் இடையில் தேடாதீர்கள். இன்று உங்களிடம் அலிஃப், பே ஓதும் பிள்ளை ஒருவன் நாளை தன் நிக்காஹ் மஜ்லிஸில், கைக்கூலி வேண்டாம் என்று எழுந்து சொல்வான். அன்று நீங்கள் அந்த ஊரில் இருக்கிறீர்களோ இல்லையோ, அந்தக் கூலி உங்கள் பெயரில் எழுதப்படும்.

வணிகர்களே, இளைஞர்களே!

ஸஅதின் மீது புகார் சொன்ன அதே கூஃபாவில்தான் பிற்காலத்தில் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) தோன்றினார்கள். அவர்கள் மத்ஹபின் இமாம் மட்டுமல்ல, பட்டுத்துணி வியாபாரியும்கூட. வியாபார லாபத்தைச் சேர்த்து வைத்து ஆலிம்களின் உணவுக்கும் உடைக்கும் தேவைக்கும் செலவிட்டார்கள். எனக்கு நன்றி சொல்ல வேண்டாம், அல்லாஹ்வுக்கே நன்றி சொல்லுங்கள் என்பார்கள். ஏழை மாணவர் அபூயூசுஃபைத் தாங்கிப் படிக்க வைத்தார்கள். அவர் பின்னாளில் தலைமை நீதிபதியாக உயர்ந்தார். ஒரு வியாபாரியின் கல்லாப் பெட்டி என்ன செய்ய முடியும் என்பதற்கு இதை விடச் சான்று வேண்டுமா?

1993-ல் இந்திய உச்ச நீதிமன்றம், வக்ஃப் பள்ளிவாசல்களின் இமாம்களுக்கு ஊதியம் வழங்கத் திட்டம் வகுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. நிதி போதாது என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. நீதிமன்றம் சொல்லித்தான் நமக்கு இது தெரிய வேண்டுமா? தமிழகத்தில் 2009-ல் உலமாக்கள் மற்றும் பணியாளர்களுக்கான நல வாரியம் அமைக்கப்பட்டது. உங்கள் பள்ளி இமாமும் மோதினாரும் அதில் உறுப்பினரா என்று விசாரித்தீர்களா? இளைஞர்களே, விண்ணப்பத்தை நீங்கள் நிரப்பிக் கொடுங்கள். அலைய வேண்டிய அலுவலகத்துக்கு நீங்கள் அலையுங்கள். ஒரு குரல் பதிவை நூறு பேருக்கு அனுப்பும் நேரத்தில் இதைச் செய்யலாம்.

மூன்று காரியங்களை இன்றே முடிவு செய்யுங்கள்.

முதலாவது, இமாமைப் பற்றிய புகார் எதுவானாலும் அவரிடம் தனியாகச் சொல்லுங்கள். அல்லது நிர்வாகத்திடம் எழுத்தில் கொடுங்கள். டீக்கடையும் செல்போன் குழுவும் விசாரணை மன்றங்கள் அல்ல.

இரண்டாவது, நிர்வாகிகள் உமர் (ரலி) அவர்களின் வழியைப் பின்பற்றட்டும். இமாமை அழைத்துக் கேளுங்கள். பிறகு தொழ வருகிற எல்லாரிடமும் விசாரியுங்கள். ஒருவர் சொல்லை ஊரின் சொல்லாக எடுத்துக் கொள்ளாதீர்கள். அதிகச் சந்தா கொடுப்பவரின் புகாருக்கு அதிக எடை போடாதீர்கள். அதே சமயம், மூட்டை தூக்குபவரின் புகாரைத் தள்ளி விடவும் செய்யாதீர்கள்.

மூன்றாவது, இமாமின் பிள்ளைகள் முன்னால் அவரைப் பற்றிப் பேசாதீர்கள். இதை மன்றாடிக் கேட்கிறேன்.

அந்த இளம் ஆலிம் அன்றிரவு கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுப் போனார் என்று சொன்னால் உங்களுக்கு மகிழ்ச்சியாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. மறுபடியும் மடித்துப் பையில் வைத்துக் கொண்டார். "இன்னும் ஆறு மாதம் பார்க்கிறேன் ஹஜ்ரத், துஆ செய்யுங்கள்" என்று சொல்லிவிட்டு, ஃபஜ்ருக்குப் பள்ளியில் நிற்க வேண்டும் என்று கடைசிப் பேருந்துக்கு ஓடினார்.

அந்த ஆறு மாதம் இப்போது ஓடிக் கொண்டிருக்கிறது. அவர் உங்கள் ஊர் இமாமாகவும் இருக்கலாம். அவருடைய பங்கை அவர் செய்கிறார். கடிதம் பையிலேயே கிழிவதும், முத்தவல்லியின் மேசைக்கு வருவதும் உங்கள் நாவிலும் இருக்கிறது. இன்று இஷா தொழுத பின் செருப்பைத் தேடி ஓடாமல் ஒரு நிமிடம் நில்லுங்கள். அவருக்கு ஸலாம் சொல்லுங்கள். பக்கத்தில் அவருடைய மகன் நின்றால், அவன் தலையைத் தடவி, "உங்கத்தா ஓதினா கேட்டுக்கிட்டே இருக்கலாம் போல இருக்குப்பா" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். மனமறிந்து அதைச் சொல்ல முடியாவிட்டால், "உங்கத்தா எங்களுக்காக ரொம்பப் பாடுபடறாரு" என்றாவது சொல்லுங்கள். அது நிச்சயம் உண்மை.

அல்லாஹ் நம் இமாம்களுக்கு உறுதியையும், நமக்கு நீதியான நாவையும் தந்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.